பழம்பேருந்துகளைப் பேணுதல்: போக்குவரத்து அருங்காட்சியகங்கள் எதிர்கொள்ளும் இடர்ப்பாடுகள்

அருங்காட்சியகங்களில் பேணப்படும் பொருள்களுள் பல, நெடுங்காலம் நிலைக்கவேண்டும் என்னும் எண்ணத்துடனேயே ஆக்கப்பட்டவை. செப்புத் திருமேனி, கல்வெட்டு, பொற்காசு ஆகியன இத்தகையன. பேருந்து இவ்வரிசையில் சேராது. பத்துப் பதினைந்து ஆண்டுகள் உழைத்துத் தேய்ந்தபின் உடைக்கப்பட்டுப் பழைய இரும்பாக விற்கப்படும் என்னும் கணக்கோடுதான் அது கட்டப்படுகிறது. தேய்வதற்கென்றே செய்யப்பட்ட ஒன்றைத் தேயாமல் காப்பது எங்ஙனம் என்பதும், காத்தபின் எஞ்சுவது உண்மையில் எது என்பதும் போக்குவரத்து அருங்காட்சியகங்களை நெடுங்காலமாக அலைக்கழிக்கும் வினாக்கள். இக்கட்டுரை இவ்வினாக்களை, பெரும்பாலும் இலண்டன் மாநகரப் பேருந்துகளைச் சான்றாகக் கொண்டு விளக்க முற்படுகிறது.

இலண்டனைத் தேர்ந்தமைக்குக் காரணம் உண்டு. 1920களிலேயே இலண்டன் ஜெனரல் ஆம்னிபஸ் கம்பெனி, விக்டோரியா அரசி காலத்துக் குதிரைப் பேருந்துகள் இரண்டையும் தொடக்ககால மோட்டார்ப் பேருந்து ஒன்றையும் வருங்காலத்துக்கென ஒதுக்கிவைத்தது. பேருந்து ஒன்று பாதுகாக்கத் தக்கது என்று ஒரு வணிக நிறுவனமே எண்ணியது அக்காலத்தில் அரிய நிகழ்வாகும். அம்மூன்று வண்டிகளிலிருந்து வளர்ந்த தொகுப்பு பல இடங்களுக்கு மாறி, 1980-இல் கவண்ட் கார்டனில் இருந்த பழைய பூச்சந்தைக் கட்டடத்தில் இலண்டன் போக்குவரத்து அருங்காட்சியகமாக நிலைகொண்டது. காட்சிக்கூடத்தில் இடம்பெறாத வண்டிகளுக்கென 1999-இல் ஆக்டனில் தனிக் கிடங்கும் அமைக்கப்பட்டது. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுப் பட்டறிவு இங்கே திரண்டுள்ளது எனலாம்.

மரமும் இரும்பும்

பேருந்தை ஒரு பொருள் என்று சொல்கிறோம். பேணுபவர் பார்வையில் அது ஒரு பத்துப் பொருள்களின் கூட்டு. ஆஷ் மரம், எஃகு, வார்ப்பிரும்பு, அலுமினியம், பித்தளை, கண்ணாடி, ரப்பர், தோல், கம்பளித்துணி, வண்ணப்பூச்சு என ஒவ்வொன்றும் தனக்கென ஒரு காற்றை வேண்டி நிற்கிறது. இரும்பு துருப்பிடியாமல் இருக்க வேண்டுமாயின் காற்றின் ஈரப்பதம் 40 விழுக்காட்டுக்குக் கீழே இருப்பது நல்லது. அவ்வளவு வறண்ட காற்றில் மரம் சுருங்கி வெடிக்கும். தோல் விறைத்துப் பிளவுபடும். மரத்துக்கு இதமான ஈரத்தைக் கொடுத்தால் இரும்பு துருவேறும். இரண்டையும் பிரித்துத் தனித்தனி அறைகளில் வைக்க இயலாது; அவை ஒரே வண்டியில் திருகாணியால் பிணைக்கப்பட்டுள்ளன. ஆகவே பேருந்துக் கூடத்தின் ஈரப்பதம் என்பது எப்போதும் ஓர் உடன்பாடே. எந்தப் பொருளுக்கும் முழு நலம் தருவதன்று.

இரண்டாம் உலகப்போருக்கு முற்பட்ட பேருந்துகள் பலவற்றின் மேற்கூடு, மரச்சட்டத்தின்மீது உலோகத் தகடு போர்த்தியதாகும். இலண்டனின் முதல் வெற்றிகரமான மோட்டார்ப் பேருந்தாகிய பி வகை வண்டி 1910-இல் சாலைக்கு வந்தது. அதன் அடிச்சட்டமும் ஆஷ் மரமே. வலுவுக்காக எஃகுத் தகடு பொருத்தப்பட்டிருந்தது. இத்தகைய வண்டிகளில் கேடு வெளியே தெரிவதில்லை. கூரையின் பொருத்துவாயிலோ சாளரத்தின் ஓரத்திலோ நுழையும் மழைநீர் தூண்வழியே இறங்கி, அடிக்கட்டையில் தங்கிவிடும். வெளியே தகடு பளபளக்கும். உள்ளே மரம் தவிடாகிக் கொண்டிருக்கும். விரல்முட்டியால் தட்டி ஓசையைக் கேட்டுப் பழகியவர்கள் இதனை உணர்வார்கள். உறுதிசெய்யத் தகட்டைக் கழற்றத்தான் வேண்டும். கழற்றும்போது பழைய ஆணிகள் முறியும், வண்ணப்பூச்சு பெயரும். நோயைக் கண்டறிவதற்கே பொருளின் ஒரு பகுதியை இழக்கவேண்டியிருப்பது இத்துறையின் தனித்த துன்பமாகும்.

உலோகத்திற்கும் தனக்கேயுரிய பகை உண்டு. அலுமினியமும் எஃகும் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் ஈரம் சேர்ந்தால் மின்வேதி அரிப்புத் தொடங்குகிறது. அலுமினியம் வெண்பொடியாக உதிர்கிறது. 1954-இல் முதன்முதலாகக் காட்டப்பெற்று, 1968 வரை 2,876 வண்டிகளாகப் பெருகிய ரூட்மாஸ்டர் இதற்கு ஏற்ற சான்று. போர்க்காலத்தில் ஹாலிஃபாக்ஸ் குண்டுவீச்சு விமானங்களைக் கட்டியதால் பெற்ற பட்டறிவு அவ்வண்டியின் இலகுவான அலுமினியக் கலவைக் கூட்டில் பயன்பட்டது. அது மரவண்டிகளைப்போல் உளுத்துப் போவதில்லை. எனினும் எஃகுத் துணைச்சட்டங்கள் அலுமினியக் கூட்டைச் சந்திக்கும் இடங்களைப் பேணுநர் ஓயாது கவனிக்கவேண்டியுள்ளது.

இருக்கைத் துணியைப் பற்றியும் சிறிது கூறவேண்டும். இலண்டன் வண்டிகளின் இருக்கைகளில் மொக்கெட் என்னும் அடர்ந்த கம்பளித்துணி போர்த்தப்பட்டது. 1930களில் ஈனிட் மார்க்ஸ், மரியன் டோர்ன், பால் நாஷ் முதலிய கலைஞர்கள் இத்துணிகளுக்கு வடிவம் வரைந்து கொடுத்தனர். ஆகவே அத்துணி தன்னளவிலேயே ஒரு கலைப்பொருள். ஒளியில் வெளிறும், அந்துப்பூச்சி அரிக்கும், பார்வையாளர் அமர அமர நைந்துபோகும். புதிதாக நெய்விக்கலாம் என்றால், நெசவாலைகள் சில மீட்டர் துணிக்காகத் தறியைப் பூட்டுவதில்லை. ஒரு வண்டிக்குத் தேவையானதைவிடப் பன்மடங்கு நெய்தால்தான் விலை கட்டுப்படியாகும்.

போர்க்கால வண்டிகளின் கதை வேறு வகையினது. 1942 முதல் 1945 வரை பிரிட்டனில் கட்டப்பட்ட சிக்கனப் பேருந்துகளுக்கு நன்கு உலர்ந்த மரம் கிடைக்கவில்லை. பச்சை மரத்தில் கட்டப்பட்ட மேற்கூடுகள் சில ஆண்டுகளில் இற்றன. உரிமையாளர்கள் அவற்றை அகற்றிவிட்டுப் புதிய கூடுகளைப் பொருத்தினர். இதனால் மூலக்கூட்டுடன் எஞ்சிய சிக்கனப் பேருந்துகள் அரியவை. பின்னாளில் மரப்பலகை இருக்கைகளுடன் வந்த அவ்வண்டிகளில்தான் குண்டுவீச்சுக்கிடையே தொழிலாளர்கள் வேலைக்குச் சென்றனர். நன்றாகக் கட்டப்பட்டவை மிஞ்சின, மோசமாகக் கட்டப்பட்டவை மறைந்தன. அருங்காட்சியகத்தில் நாம் காணும் கடந்தகாலம் உண்மைக் கடந்தகாலத்தைவிடச் சற்று உறுதியாகவும் அழகாகவும் தோன்றுவதற்கு இது ஒரு காரணம் என்று நாம் கருதுகிறோம்.

இது எந்த வண்டி?

பழம்பொருள் என்றால் அதன் மூலத்தன்மையை முதலில் வினவுவது ஆய்வாளர் வழக்கம். பேருந்தைப் பொறுத்தவரை இவ்வினாவே தடுமாறுகிறது. இதனை விளக்க, இலண்டன் பேருந்துகளைப் பழுதுபார்த்த ஆல்டன்ஹாம் பட்டறையின் நடைமுறையைச் சற்று விரிவாகக் காண்போம்.

1939-இல் தொடங்கிய ஆர்.டி. வகையும் அதன் கிளைகளாகிய ஆர்.டி.எல்., ஆர்.டி.டபிள்யூ. வகைகளும் சேர்ந்து 6,956 வண்டிகள். பாகங்கள் ஒன்றுக்கொன்று மாற்றிப் பொருந்துமாறு மிக நுட்பமான அளவோடு கட்டப்பட்டவை இவை. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒவ்வொரு வண்டியும் முழுச் சீரமைப்புக்காகப் பட்டறைக்கு வரும். அங்கே மேற்கூடு அடிச்சட்டத்திலிருந்து தூக்கப்படும். இரண்டும் வெவ்வேறு வரிசைகளில் சென்று தனித்தனியே செப்பனிடப்படும். மேற்கூட்டைச் செப்பனிட அடிச்சட்டத்தைவிட அதிக நாள் பிடிக்கும். எனவே, ஆயத்தமாகிவிட்ட அடிச்சட்டம் தன் பழைய கூட்டுக்காகக் காத்திராது; அந்நேரம் தயாராக உள்ள வேறொரு கூட்டைத் தாங்கிக்கொண்டு வெளியேறும். எண்ணும் உரிமமும் வீணே முடங்கிக் கிடக்கலாகாது என்பதற்காக, உள்ளே வந்த வண்டியின் எண் அப்போது வெளியேறும் வண்டிக்குச் சூட்டப்படும். காலையில் ஓர் எண்ணுடன் உள்ளே சென்ற பேருந்து, அதே எண்ணுடன் சிறிது நேரத்தில் புதுப்பொலிவோடு வெளிவந்ததாகப் பதிவேடு காட்டும். உண்மையில் வெளிவந்தது வேறு கூடும் வேறு சட்டமும். இம்முறை ரூட்மாஸ்டர் காலத்திலும் தொடர்ந்தது. பட்டறை 1986-இல் மூடப்பட்டது.

ஆகவே ஓர் அருங்காட்சியகத்தில் ஆர்.டி. வண்டியொன்றின் முன் 1947-ஆம் ஆண்டுப் பேருந்து என்று எழுதிவைத்தால், அவ்வாண்டு எதனுடையது? எண்ணுக்கு உரியதா, சட்டத்துக்கு உரியதா, கூட்டுக்கு உரியதா? மூன்றும் மூன்று பிறப்பு உடையனவாக இருக்கலாம். தமிழாசிரியர்களுக்கு இச்சிக்கல் புதிதன்று. 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர் ஏடுகள் பலவற்றை ஒப்பிட்டுப் பாடம் துணிந்தார். எந்த ஏடும் ஆசிரியர் கைப்பட எழுதியதன்று; ஒவ்வொன்றும் படியின் படி. ஆயினும் நூல் ஒன்று உண்டு என்பதில் அவருக்கு ஐயமில்லை. பேருந்து அறிஞர்களும் ஏறத்தாழ இந்த நிலையில் நிற்கிறார்கள். ஒரு வேறுபாடு மட்டும் குறிக்கத்தக்கது. ஏட்டிலிருந்து பாடம் பிரித்தெடுக்கப்பட்டபின் ஏடு செல்லரித்தாலும் பாடம் வாழும். பேருந்திலிருந்து அவ்வாறு பிரித்தெடுத்துக் காக்கத்தக்க பாடம் எது என்று சொல்வது கடினம்.

இதனால்தான் பட்டறைப் பதிவேடுகளும் கூட்டு எண் பொறித்த சிறு தகடுகளும் வண்டியளவு மதிப்புப் பெறுகின்றன. பழுதுபார்ப்பவர் ஒருவர் துருவேறிய ஒரு தகட்டை எறிந்துவிட்டால், அவ்வண்டியின் பிறப்புச் சான்றே போய்விடக்கூடும்.

ஆவணத்தின் வலிமைக்குச் சிறந்த எடுத்துக்காட்டு அமெரிக்காவில் உள்ளது. 1955 டிசம்பர் 1 அன்று அலபாமா மாநிலத்து மாண்ட்கோமரி நகரில் ரோசா பார்க்ஸ் அம்மையார் வெள்ளையருக்குத் தம் இருக்கையை விட்டுக்கொடுக்க மறுத்த பேருந்து 2857 என்னும் எண் உடையது. 1948-இல் கட்டப்பட்ட அவ்வண்டி 1970களின் தொடக்கத்தில் பணியினின்று நீக்கப்பட்டு, ஒருவருடைய வயலில் கருவிகளையும் மரக்கட்டைகளையும் போட்டுவைக்கும் கொட்டகையாக முப்பது ஆண்டுக்காலம் கிடந்தது. அது அந்த வண்டிதான் என்பதற்குத் துணைநின்ற சான்று, பேருந்து நிலைய மேலாளர் ஒருவர் செய்தித்தாள் நறுக்குகளை ஒட்டிவைத்திருந்த ஏட்டில், ஓட்டுநர் பெயருக்கு அருகே எழுதிவைத்த அவ்வெண்ணே. 2001-இல் ஏலத்துக்கு வந்தபோது ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகம் அதனை 4,92,000 டாலருக்கு வாங்கியது. யாரோ ஒருவர் கிறுக்கிய நான்கு இலக்கங்கள் இல்லாதிருந்தால் அது வெறும் துருப்பிடித்த தகரக்கூடு.

எந்த நாளுக்கு மீட்பது?

அவ்வண்டியை மீட்டவர்கள் 1955-ஆம் ஆண்டுத் தோற்றத்தை இலக்காகக் கொண்டனர். ஏழாண்டு ஓடிய ஒரு நகரப் பேருந்து எவ்வாறு இருந்திருக்குமோ அவ்வாறு. அம்முடிவு எளிதாக எடுக்கப்பட்டது. ஏனெனில் அவ்வண்டியின் வாழ்வில் ஒரு நாள் ஏனைய நாள்களைவிட உயர்ந்து நிற்கிறது. பிற பேருந்துகளுக்கு அத்தகைய நாள் வாய்ப்பதில்லை. எனவே பெரும்பாலான மீட்புப் பணிகள், ஏறத்தாழ வழக்கம்போல, வண்டி தொழிற்சாலையை விட்டு வெளியேறிய நாளையே இலக்காகக் கொள்கின்றன. வண்ணம் மின்னும், பித்தளை பளிச்சிடும், இருக்கை நலுங்காதிருக்கும்.

இவ்வழக்கத்தை நாம் ஐயுறவேண்டும். தொழிற்சாலையை விட்டு வெளியேறிய நாள் என்பது எந்தப் பயணியும் அவ்வண்டியில் ஏறியிராத நாள். ஏறுமேடைக் கம்பத்தில் பல்லாயிரம் கைகள் பற்றிப் பற்றி உண்டாக்கிய வழுவழுப்பு, படிக்கட்டின் நடுவில் தேய்ந்த குழிவு, நடத்துநர் சாய்ந்து நின்ற மூலையில் மங்கிய பூச்சு ஆகியவைதாம் அவ்வண்டி மக்களோடு வாழ்ந்தமைக்குச் சான்று. மீட்பு என்னும் பெயரால் முதலில் அழிக்கப்படுபவையும் இவையே. வண்ணப்பூச்சின் அடுக்குகளும் அவ்வாறே. ஒன்றன்மேல் ஒன்றாகப் பூசப்பட்ட அடுக்குகளைக் கவனமாகச் சுரண்டினால், வண்டி எந்தெந்த நிறத்தில் ஓடியது, எந்த விளம்பரத்தைத் தாங்கியது என்பவை ஒவ்வொன்றாகத் தெரியவரும். முழுவதையும் உரித்துப் புதுப்பூச்சுப் பூசினால் அவ்வரலாறு பட்டறைத் தரையில் தூளாகிவிடும். அறிவுள்ள மீட்பாளர்கள் உட்புறத்தில் ஒரு சாண் அளவேனும் பழைய அடுக்குகளைத் தொடாமல் விட்டுவைக்கிறார்கள்.

ரூட்மாஸ்டரின் முதல் மாதிரி வண்டியாகிய ஆர்.எம்.1 இன்னொரு வகைச் சிக்கலை முன்வைக்கிறது. முதலில் அதன் வெப்பந்தணிப்பான் எஞ்சினுக்கு முன்னே அமையாமல் தரைத்தட்டின் அடியில் அமைந்திருந்தது. பணிக்காலத்திலேயே அது முன்புறத்துக்கு மாற்றப்பட்டு வண்டியின் முகமும் மாறியது. வடிவமைப்பாளர் எண்ணிய முதல் முகத்தை மீட்டால், அவர்கள் பட்டு உணர்ந்து செய்த திருத்தத்தை அழித்தவர்களாவோம். வடிவமைப்பு வரலாற்றில் அத்திருத்தமே கற்கத்தக்க செய்தி.

இலங்கையோடு தொடர்புடைய ஒரு செய்தியும் இங்கே நினைக்கத்தக்கது. இலண்டனில் ஓய்வுபெற்ற ஆர்.டி. குடும்ப வண்டிகள் நூற்றுக்கணக்கில் இலங்கைப் போக்குவரத்துச் சபைக்கு விற்கப்பட்டன. 1980களின் இறுதியில் ரூட்மாஸ்டர்கள் சிலவும் அங்கே சென்றன. இலண்டன் மழையிலும் கொழும்பு வெயிலிலும் உழைத்த அத்தகைய வண்டியொன்று காட்சிக்கூடத்துக்கு வருமாயின் அதற்கு எந்நாட்டு வண்ணம் பூசுவது? இலண்டன் சிவப்பைத் தீட்டினால் பார்வையாளர் மகிழ்வர். வண்டியின் பிற்பாதி வாழ்வு மறைந்துவிடும்.

இது அழகியல் சார்ந்த வினா மட்டுமன்று. 1963-இல் பிரிஸ்டல் நகரப் பேருந்து நிறுவனம் கறுப்பினத்தாரையும் ஆசியரையும் வண்டிப் பணியாளராக ஏற்க மறுத்ததால் மக்கள் பேருந்துகளைப் புறக்கணித்தனர். அவ்வாண்டு ஆகஸ்டு 28 அன்று நிறுவனம் தன் தடையைக் கைவிட்டது. வுல்வர்ஹாம்ப்டனில் 1967 முதல் 1969 வரை சீக்கிய ஓட்டுநர்கள் தலைப்பாகையும் தாடியும் கொண்டு பணியாற்றும் உரிமைக்காகப் போராடி வென்றனர். இந்தியர் புலம்பெயர்வு வரலாற்றில் அழுத்தமான இடம்பெறும் நிகழ்வுகள் இவை. அக்காலத்தில் ஓடிய ஒரு பேருந்தை 1950-இல் புதிதாக நின்ற கோலத்தில் நிறுத்திவைத்தால், ஓட்டுநர் இருக்கையில் அமரப் போராடியவர்களைப் பற்றி அது ஒரு சொல்லும் சொல்லாது.

ஓட்டுவதா, நிறுத்துவதா?

இயங்காத பேருந்து பாதிப் பேருந்து என்பர் ஒரு சாரார். எஞ்சின் முழக்கம், கியர் மாறும் ஒலி, எரிந்த எண்ணெயின் மணம், மேல்தட்டின் அசைவு ஆகியவற்றை எந்த விளக்கப் பலகையும் தராது. மேலும், நெடுநாள் நிற்கும் வண்டியும் கெடும். எண்ணெய் வடிந்து உருளைகள் துருவேறும், ரப்பர் அடைப்புகள் உலரும், பிரேக் இறுகும். மறுசாராரோ, ஒவ்வொரு மைல் ஓட்டத்திலும் மூலப்பொருள் தேய்கிறது, தேய்ந்ததற்கு ஈடாகப் புதுப்பாகம் புகுகிறது, இறுதியில் அருங்காட்சியகத்தின் கையில் எஞ்சுவது ஒரு நல்ல நகலே என்பர். இரு கூற்றும் உண்மை. அதுவே இவ்விவாதம் முடிவுறாமைக்குக் காரணம்.

பி வகை வண்டிகள் இரண்டை ஒப்பிட்டால் இது தெளிவாகும். முதல் உலகப்போரில் ஆயிரத்துக்குக் குறையாத இலண்டன் பேருந்துகள் படைவீரரை ஏற்றிச் செல்ல மேற்குப் போர்முனைக்கு அனுப்பப்பட்டன. அவற்றுள் பி43 என்னும் வண்டி திரும்பிவந்தது. போர்க்காலக் கேலிச்சித்திரப் பாத்திரம் ஒன்றின் பெயரால் ‘ஓல் பில்’ என்று அழைக்கப்பட்டு, பழைய படைவீரர் சங்கத்தாரால் பேணப்பட்டு, நினைவு ஊர்வலங்களில் பங்கேற்று, 1970-இல் பேரரசுப் போர் அருங்காட்சியகத்திடம் சேர்க்கப்பட்டது. மற்றொன்று பி2737. சிதறிக்கிடந்த பழைய பாகங்களையும் புதிதாகச் செய்த பாகங்களையும் இணைத்து இலண்டன் போக்குவரத்து அருங்காட்சியகம் அதனை உயிர்ப்பித்தது. போர் நூற்றாண்டையொட்டி 2014 செப்டம்பரில் காக்கி வண்ணத்துடன், சாளரங்கள் பலகையால் மூடப்பட்ட கோலத்தில், பிரான்சு, பெல்ஜியம் நாடுகளின் பழைய போர்க்களங்களுக்கு அது ஓட்டிச்செல்லப்பட்டது. முன்னது சாட்சி, பின்னது அச்சாட்சி சொல்வதை நடித்துக்காட்டும் கலைஞன். போர்முனைச் சாலையில் பி43-ஐ ஓட்டியிருந்தால் அது பொறுப்பற்ற செயலாகியிருக்கும். பி2737-ஐக் கயிறு கட்டி நிறுத்தியிருந்தால் அதற்குச் செலவிட்ட உழைப்பு பாழாகியிருக்கும்.

எனவே ஓட்டத்தகும் வண்டி, தொடலாகாத வண்டி என்று தொகுப்பைப் பிரிப்பதே அறிவுடைமை என்பது நம் கருத்து. ஒரே வகையில் பல எஞ்சியிருப்பின் அவற்றுள் மிகுதியும் பழுதுபார்க்கப்பட்டது ஓடட்டும். தன்னந்தனியாகவோ மூலநிலை கெடாமலோ எஞ்சியது ஓய்வாக நிற்கட்டும். பன்னாட்டுப் பழம்வண்டிச் சங்கக் கூட்டமைப்பு 2012-2013-இல் உருவாக்கிய துரின் பட்டயமும், கட்டடங்களுக்கான 1964-ஆம் ஆண்டு வெனிசுப் பட்டயத்தை அடியொற்றி, செய்யும் மாற்றங்களைக் குறைத்தல், செய்ததை ஆவணப்படுத்தல் ஆகியவற்றை வலியுறுத்துகிறது. நடைமுறையில் முடிவைத் தீர்மானிப்பது பட்டயமாக இருப்பதில்லை. ஓடும் வண்டி திறந்தவெளி விழாக்களில் கூட்டத்தை ஈர்க்கிறது. நிற்கும் வண்டிக்கு நன்கொடை வருவதில்லை.

ஓட்டத் துணிந்தபின் பாதுகாப்புச் சிக்கல்கள் தொடங்குகின்றன. ரப்பர் ஓடினாலும் ஓடாவிட்டாலும் மூப்படையும் பொருள். 2012 செப்டம்பரில் இங்கிலாந்தின் சரே வட்டாரத்தில் சுற்றுலாப் பேருந்தொன்றின் முன்சக்கர டயர் வெடித்து மூவர் உயிரிழந்தனர். அந்த டயர் 19 ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழமையுடையது, பேருந்தைவிடவும் மூத்தது. இதன் தொடர்ச்சியாக 2021 பிப்ரவரி முதல் பேருந்துகளின் முன்அச்சில் பத்தாண்டுக்கு மேற்பட்ட டயர்கள் பிரிட்டனில் தடைசெய்யப்பட்டன. வணிக நோக்கின்றி ஓடும், 40 ஆண்டைக் கடந்த பழம்வண்டிகளுக்கு விலக்கு உண்டு. சட்டம் விலக்கு அளிக்கலாம், ரப்பர் அளிக்காது. பழைய அளவுகளில் டயர் வார்ப்போரும் அருகிவிட்டனர்.

பழைய பிரேக் பட்டைகளிலும் புகைபோக்கிச் சுற்றுகளிலும் கல்நார் உண்டு. பிரிட்டன் 1999-இல் அதனை முற்றிலும் தடைசெய்தது. அதன் தூளை மூச்சில் இழுத்தால் பல பத்தாண்டுகள் கழித்தும் உயிர்க்கொல்லி நோய் வரக்கூடும். பழைய பூச்சுகளில் ஈயம் இருக்கும். தேய்த்து எடுப்பவர் அதனை உட்கொள்ள நேரும். மூலப்பொருளைக் காக்கவேண்டும் என்னும் கொள்கை இங்கே தயக்கமின்றி விட்டுக்கொடுக்கவேண்டிய ஒன்று. வண்டிக்காக ஒரு தொண்டரின் நுரையீரலைப் பணயம் வைப்பதற்கு எந்தப் பட்டயமும் இடந்தராது. எரிபொருளும் மாறிவிட்டது. 2021-இல் பிரிட்டனில் பரவலாக்கப்பட்ட பெட்ரோலில் 10 விழுக்காடு வரை எத்தனால் உள்ளது. அது ஈரத்தை ஈர்க்கும், பழைய ரப்பர்க் குழாய்களை அரிக்கும். தாவர எண்ணெய் கலந்த டீசலோ நெடுநாள் தொட்டியில் நின்றால் நுண்ணுயிர் வளர்ந்து பாசிபோலப் படிகிறது.

கைத்திறனும் இடமும்

வண்டியைக் காத்தாலும் அதனை ஓட்டத் தெரிந்தவரைக் காக்கவேண்டும். பி வகையில் கியர் மாற்றுவதற்கு எஞ்சினின் வேகத்தைச் செவியால் உணர்ந்து இணைக்கவேண்டும். ஆர்.டி. வகையின் முன்தெரிவுக் கியர்ப்பெட்டியில் அடுத்த கியரை முன்கூட்டியே தெரிந்துவைத்துவிட்டு, வேண்டும்போது மிதியை அழுத்தவேண்டும். கையேட்டில் இவை நான்கு வரி. கைக்கும் காலுக்கும் பழக மாதங்கள் ஆகும்; கற்பிப்பவர் அருகிருக்கவேண்டும். ஆர்.டி. வண்டிகள் இலண்டனில் 1979 ஏப்ரலில் ஓய்வுபெற்றன. ரூட்மாஸ்டர் வழக்கமான சேவையிலிருந்து 2005 டிசம்பர் 9 அன்று விடைபெற்றது. முன்னதைப் பணியாக ஓட்டியவர்கள் இன்று முதுமையில் உள்ளனர். தகடு தட்டி வளைப்போர், மரச்சட்டம் பொருத்துவோர், கையால் எழுத்து வரைவோர் ஆகியோர் நிலையும் இதுவே. தொண்டர் குழுக்களில் தலை நரைத்தோரே மிகுதி என்பது இவ்வகை அருங்காட்சியகங்களுக்குச் சென்றோர் அறிந்ததே.

இடம் எப்போதும் போதாது. ஒரு ரூட்மாஸ்டர் 27 அடி 6 அங்குல நீளமும் 8 அடி அகலமும் உடையது. ஓவியத்தைப்போல அடுக்கி வைக்க இயலாது. மான்செஸ்டர்ப் போக்குவரத்து அருங்காட்சியகம் பழைய பேருந்துப் பணிமனையிலேயே 1979-இல் தொடங்கப்பட்டது. பழைய வண்டிக்குப் பழைய பணிமனையே ஏற்ற இல்லம் என்று தோன்றினாலும், கசியும் கூரையும் இளகும் ஈரமும் அதனோடு சேர்ந்தே வருகின்றன. மின்கம்பிப் பேருந்துகளுக்கோ வண்டியைக் காத்தால் போதாது. கம்பியும் தூணும் மின்னாற்றலும் வேண்டும். இங்கிலாந்தில் சாண்ட்டாஃப்ட், கார்ல்டன் கோல்வில் ஆகிய இடங்களின் அருங்காட்சியகங்கள் தம் வளாகத்தில் கம்பி இழுத்து அவ்வண்டிகளை ஓட்டுகின்றன. சிங்கப்பூர் வீதிகளில் 1926 முதல் 1962 வரை மின்கம்பிப் பேருந்துகள் ஓடின. இலண்டனிலும் அவை 1962-இலேயே முடிவுற்றன. ஒரே ஆண்டில் இரு நகரங்களும் கைவிட்ட ஊர்தி அது. நம் மாணவர்க்கு அதனைப் படத்தால் விளக்கலாம். ஏறத்தாழ ஓசையின்றி வந்து நிற்கும் அதன் தன்மையைக் கம்பியில்லாமல் விளக்க முடியாது.

இனி வரும் வண்டிகள்

பழமை கூடக் கூடப் பேணுதல் கடினமாகும் என்று எண்ணுவது இயல்பு. பேருந்து இதற்கு மாறானது. 1911-இல் கட்டப்பட்ட வண்டியின் பாகம் முறிந்தால் திறமையுள்ள கொல்லரும் தச்சரும் அளவெடுத்துச் செய்துவிடுவர். 1990களுக்குப் பிற்பட்ட வண்டியில் எஞ்சின், கியர்ப்பெட்டி, பிரேக், கதவு அனைத்தும் மின்னணுப் பெட்டிகளால் ஆளப்படுகின்றன. அப்பெட்டிகளின் சில்லுகள் இன்று உற்பத்தியாவதில்லை. மின்தேக்கிகள் தாமாகவே கசிந்து பலகையை அரிக்கின்றன. உள்ளிருக்கும் கட்டளைநிரல் உற்பத்தியாளரின் பூட்டுக்குள் உள்ளது. மின்கலப் பேருந்துகளில் இன்னுமொரு சிக்கல் சேர்கிறது. அவற்றின் மின்கலத் தொகுதியை மின்னேற்றத்தோடு பல பத்தாண்டுகள் கூடத்தில் வைத்திருப்பது தீ இடர் உடையது. கழற்றிவிட்டால் வண்டியின் எடையில் பெரும்பகுதியும் அதன் தொழில்நுட்பத்தின் உயிர்நாடியும் போய்விடும்.

ஆதலின் அருங்காட்சியகங்கள் ஒரு பேருந்தை அது ஓய்வுபெற்றுப் பல ஆண்டுகள் கழித்துத் தேடிச் செல்லும் பழைய வழக்கம் இனிப் பயன்படாது. வண்டி பணியில் இருக்கும்போதே அதன் வரைபடங்கள், பிழையறியும் கணினி, அதற்குரிய நிரல், கடவுச்சொற்கள், மாற்றுப் பலகைகள் ஆகியவற்றை எழுத்துவழி ஒப்பந்தத்தின் மூலம் கேட்டுப் பெறவேண்டும். வயலில் முப்பது ஆண்டு கிடந்த 2857-ஐ மீட்க முடிந்தது. அதன் உள்ளே அன்று இருந்தவை பெரும்பாலும் இரும்பும் கம்பியும் கண்ணாடியுமே. இன்று நம் சாலைகளில் ஓடும் மின்பேருந்து ஒன்று அதேபோல் முப்பது ஆண்டு வயலில் கிடந்தால், மீட்பவர்க்கு அதன் கூடு மட்டுமே கிடைக்கும்.